தரிசு: நிலமா, நிலையா?



காடு வளர்ப்புக் கொள்கை பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் எழுதியனுப்பியபோது, "ஐயா, தலைப்பில் ஏதேனும் பிழை நேர்ந்துவிட்டதா?" என்று மன்றத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். பிழை இல்லை. நான் வனவியல் கற்றவன் அல்லன். எந்த மண்ணில் எந்த மரம் வளரும் என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. ஆயினும், அரசாங்கம் ஒன்று மரம் நடுவதற்கு முன்னால் நிலத்தைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அந்நிலத்துக்கு ஒரு பெயரிடுகிறது. அந்தப் பெயரிடும் இடத்தில் மொழியியலாளனுக்கும் சிறிது வேலை உண்டு. அவ்விடத்தில் நானே ஒரு பிழை செய்தவன் என்பதால் இதைப் பேசும் கடமையும் எனக்கு உண்டு.

1980களின் நடுப்பகுதியில், முனைவர் பட்ட ஆய்வுக்காக இராமநாதபுரம் வட்டாரத்தில் சொற்கள் திரட்டிக்கொண்டிருந்தேன். உழவுக் கருவிகள், மாட்டு வகைகள், நில வகைகள் என்று ஒரு வினாப்பட்டியல் கையில் இருந்தது. ஒருநாள் ஊருக்கு வெளியே, முள்மரங்களும் காய்ந்த புல்லும் நிறைந்த பரந்த வெளி ஒன்றின் ஓரத்தில் நின்று, அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இந்தத் தரிசு நிலத்துக்கு என்ன பேர் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "தரிசுன்னு எழுதிறாதீக தம்பி. தரிசுங்கிறது போன வருசம் உழுது இந்த வருசம் சும்மா போட்ட நெலம். இது மந்தை. இத எவனும் எப்பவும் உழுததில்ல."

குறிப்பேட்டில் எழுதியதோடு சரி. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'தரிசு' என்ற சொல்லுக்கு எதிரே 'பயனற்ற நிலம்' என்றே பொருள் கொடுத்தேன். அகராதிகளும் அப்படித்தான் சொல்கின்றன என்ற துணிவு எனக்கு இருந்தது. தேர்வாளர்களுள் எவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான், அந்த முதியவர் ஒரு சொற்பொருள் வேறுபாட்டை எனக்குக் கற்பித்தார் என்பதும், நான் அதைக் கற்கவில்லை என்பதும் விளங்கின. தரிசு அவருக்கு ஒரு நிலை. உழவன் உழாமல் விட்டதால் நிலம் அடைகிற நிலை. நாளை உழுதால் அது தரிசு அன்று. மந்தையோ ஒரு வகை. அது எதையும் இழந்து அப்படி ஆகவில்லை. அது அதுவாகவே இருக்கிறது.

நிலையைக் குறிக்கும் சொல் வகையைக் குறிக்கும் சொல்லாக மாறுவது மொழிகளில் வழக்கமான மாற்றம். வகுப்பறையில் இதை எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால், இந்த மாற்றம் அரசாங்கப் பதிவேட்டில் நிகழும்போது அந்நிலத்தில் மேய்கிற ஆட்டுக்கும், அதன் பின்னால் நடக்கிற மனிதருக்கும் இடமில்லாமல் போகிறது.

பதிவேட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'வேஸ்ட்' என்ற சொல் நிலத்தைக் குறிக்கும்போது அதற்கு ஒரு தத்துவப் பின்னணி உண்டு. மனித உழைப்பால் மேம்படுத்தப்படாமல் இயற்கையின் வசம் விடப்பட்ட நிலம் வீணான நிலம் என்ற கருத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் உறுதிப்படுத்தினார். உழுதல், வடிகால் வெட்டுதல், வேலியிடுதல் ஆகியவை 'மேம்பாடு' எனப்பட்டன. இவை நிகழாத நிலம் 'மேம்படுத்தப்படாத நிலம்' ஆயிற்று. அந்தச் சொல் இன்றும் பிரிட்டனின் வேளாண் வழக்கில் உயிரோடு இருக்கிறது. அதன் இலக்கணத்தைப் பாருங்கள்: எதிர்மறைச் சொல். அந்நிலத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்வதில்லை. என்ன செய்யப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இதனோடு 'மார்ஜினல்' என்ற அடையையும் சேர்ப்பார்கள். பொருளியலில் அதன் பொருள், விளைச்சலின் மதிப்பு சாகுபடிச் செலவுக்கு ஏறத்தாழச் சமமாக நிற்கும் நிலம் என்பது. அதாவது, தானியத்தின் விலை ஏறினால் அதே நிலம் அந்த வகையிலிருந்து வெளியேறிவிடும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'விளிம்புநிலை நிலம்' என்று ஆக்கியதும், ஏதோ ஊரின் ஓரத்தில் கிடக்கும் நிலம் போன்ற தோற்றம் வந்துவிட்டது. இங்கும் நிலைச்சொல் வகைச்சொல் ஆனது.

சென்னை மாகாணத்தில் இரயத்துவாரி முறை வந்தபோது ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, தீர்வை விதிக்கப்பட்டுப் பதிவேறியது. நஞ்சை, புஞ்சை என்ற வகைகளுக்குள் அடங்காதவை எஞ்சின. அவற்றுக்கு வருவாய்த்துறை இட்ட பெயர்கள் இன்றும் கிராமக் கணக்குகளில் உள்ளன: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. புறம்போக்கு என்பது தீர்வைக் கணக்குக்குப் புறமாகப் போவது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, களத்துமேடு, சுடுகாடு, வண்டிப்பாதை என்று ஊரார் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்துகிற நிலங்களே அவை. ஊருக்குப் பொதுவானது என்பதால்தான் வரி இல்லை. அந்தச் சொல் இன்று என்ன ஆயிற்று என்பதை மாணவர்கள் நன்றாக அறிவார்கள். தமிழ்த் திரைப்படம் பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரி கட்டாத நிலத்தின் பெயர் உதவாக்கரை மனிதனைத் திட்டும் சொல்லாக இறங்கிவிட்டது. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க வேண்டி டி. எம். கிருஷ்ணா பாடிய பாடல் ஒன்று, இந்தச் சொல்லின் பழைய மதிப்பை மீட்க முயன்றது நினைவிருக்கலாம்.

குற்றம் முழுவதையும் வெள்ளையர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கல்லாதவரை, விளைச்சல் தராத களர் நிலத்துக்கு ஒப்பிட்டது திருக்குறளே. மருத நிலத்து நெல்லை உயர்வின் அளவுகோலாகக் கொள்ளும் பார்வை நம் மரபிலும் உண்டு. ஆயினும், அதே மரபில் வேறொரு பகுப்பும் இருந்தது. சங்கப் பாடல்கள் நிலத்தை வன்புலம், மென்புலம் என்று பிரித்தன. குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். வன்புலம் எனில் உழுவதற்குக் கடினமான நிலம். வீண் நிலம் என்ற பொருள் அச்சொல்லில் இல்லை. முல்லைக்குரிய நிலம் காடு என்று பாடம் நடத்துகிறோம். அந்தக் காட்டில் யார் வாழ்ந்தார்கள்? ஆயர்கள் வாழ்ந்தார்கள். ஆநிரை மேய்ந்தது, வரகு விளைந்தது, மான்கள் திரிந்தன. மரங்கள் நெருங்கி இருள் சூழ்ந்த இடத்தில் ஆநிரை மேய முடியாது. முல்லைக் காடு என்பது புல்லும் புதரும் இடையிடையே மரமும் கொண்ட திறந்த வெளியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொங்கு நாட்டில் இன்றும் மானாவாரி நிலத்தைக் 'காடு' என்றே சொல்கிறார்கள். "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று ஒருவர் சொன்னால், சோளக்கொல்லைக்குப் போகிறார் என்று பொருள். பாலை பற்றிய சிலப்பதிகாரக் கருத்தும் இங்கு எண்ணத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்கின்றன என்கிறார் இளங்கோவடிகள். பாலை தனி நிலம் அன்று. ஒரு நிலத்துக்கு நேர்ந்த நிலை. நிலத்தையும் நிலையையும் பிரித்தறியும் நுட்பம் நம்மிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனிக் கொள்கைக்கு வருகிறேன். 1952இல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய வனக் கொள்கை, நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்றது. 1988இல் வந்த கொள்கையும் அந்த இலக்கையே மீண்டும் சொன்னது. உழுத நிலத்தில் காடு வளர்க்க எந்த அரசும் துணியாது. ஆகவே உழாத நிலம் எங்கே என்று தேடினார்கள். 1976இல் தேசிய வேளாண் ஆணையம் சமூகக் காடு வளர்ப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியுடன் அது பெருமளவில் நடந்தது. ஏரிகளின் உட்பரப்பில் கருவேல மரங்கள் எழுந்தன. 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரம் வளர்க்கப்போவதாக அறிவித்தார். அதற்கென ஏற்பட்ட அமைப்பின் பெயர் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம். லாக்கின் இரண்டு சொற்களும் அந்த ஒரே பெயருக்குள் வந்து அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள்: தரிசு, மேம்பாடு. நான் இராமநாதபுரத்தில் குறிப்பேட்டோடு அலைந்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான்.

நோக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. விறகுத் தட்டுப்பாடு உண்மையானது. மண் அரிப்பும் உண்மையானது. எவ்விடத்தில் என்ற கேள்விக்குத்தான் பதிவேடு விடை சொன்னது, பதிவேட்டிடம் அதற்கு ஒரே சொல் இருந்தது. பின்னாளில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் புதர் நிலம், மேய்ச்சல் நிலம், மணற்குன்று, பாறை என்று பல வகைகள் உள்ளன. பனி மூடிய மலைப்பகுதியும் ஒரு வகையாக அதில் இடம்பெற்றிருக்கிறது. கங்கைக்கு நீர் தருகிற பனிமலையும் கணக்கில் தரிசுதான் என்று படித்தபோது, என் பின்னிணைப்புப் பிழை அத்துணைப் பெரிதன்று என்று சிறிது ஆறுதல் கொண்டேன்.

இராமநாதபுரத்து வெளிகளை இன்று நிறைத்திருப்பது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளுக்கு உரிய மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவுக்கு வந்தது. வறண்ட நிலத்துக்கு ஏற்ற விறகு மரம் என்று ஊக்குவிக்கப்பட்டது. அதற்கு மக்கள் இட்ட பெயர்களில் அதன் வரலாறு அடங்கியிருக்கிறது. 'சீமை' என்ற அடை, கடல் கடந்து வந்ததைச் சொல்லும். 'வேலிக்காத்தான்' என்ற பெயர், அதை வரவேற்ற காலத்தைச் சொல்லும்: வேலியாக நின்று பயிரைக் காத்தவன். பிறகு அது வேலியைத் தாண்டியது. கண்மாய்க்குள் இறங்கியது. 2017இல் அதை அகற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2022இல் அயலகத்திலிருந்து வந்து பரவும் தாவரங்களைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுத்தது. இதனிடையே அம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைப்பவர்கள் அம்மாவட்டத்தில் ஏராளம். மந்தையை இழந்தவர்களின் பிள்ளைகளே இன்று கரிமூட்டத்தில் நிற்கக்கூடும். மரத்தை ஒரே மூச்சில் அகற்றினால் அவர்கள் இரண்டாம் முறை இழப்பார்கள். ஆகவே, இதை வில்லனும் நாயகனும் உள்ள கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீலகிரியின் கதை இன்னும் தெளிவானது. அங்கே உயர்மலைப் பகுதியில், மலை மடிப்புகளில் அடர்ந்த குறுங்காடுகளும் அவற்றைச் சூழ்ந்து பரந்த புல்வெளிகளும் சேர்ந்தே அமைந்திருக்கும். குறுங்காட்டை நாம் சோலை என்கிறோம். ஆங்கிலேயர் அச்சொல்லை அப்படியே கடன் வாங்கி 'ஷோலா' என்றனர். உலகத் தாவரவியல் நூல்களில் அது நிலைத்துவிட்டது. புல்வெளிக்கு அப்படி ஒரு சொல்லை அவர்கள் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. மரம் நின்ற இடம் பெயர் பெற்றது. மரம் இல்லாத இடம் வெறும் புல் எனப்பட்டது. பெயரற்ற இடம் வெற்றிடமாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் வாட்டிலும் அங்கே வந்தன. விடுதலைக்குப் பிந்தைய திட்டக் காலத்தில், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் புல்வெளிகளில் அவை பரவலாக நடப்பட்டன. மலைமக்கள் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்பர். கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வு, கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஓடைக்கு வரும் நீர் குறைந்ததைக் காட்டியது. புல்வெளியையும் பாறைச் சரிவையும் நம்பி வாழும் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதையும் இங்கு நினைவூட்டுகிறேன்.

அப்புல்வெளி உண்மையில் பெயரற்றதா? தோதர்களிடம் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அவர்களுடைய எருமைகள் மேய்வது அங்கேதான். பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய்கிற புல் வளர்வதும் அங்கேதான். 1930களில் எம். பி. எமனோ என்ற மொழியியலறிஞர் தோதர் பாடல்களைத் திரட்டினார். 1971இல் அவை நூலாக வந்தன. அப்பாடல்கள் இடப்பெயர்களால் ஆனவை என்றே சொல்லலாம். குன்று, ஓடை, மேய்ச்சல் தளம், எருமைத் தொழுவம் என்று ஒவ்வொன்றும் பெயர் கொண்டு, இணை இணையாகப் பாட்டில் வருகிறது. வனத்துறையின் கோப்பில் வெறுமையாக இருந்த அதே மலை, எமனோவின் நூலில் பெயர்களால் நிறைந்திருக்கிறது. மொழியியல் மாணவர்கள் அந்நூலை ஒலியனியலுக்காகப் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். தோதர் குடியிருப்பைத் தமிழில் மந்து என்கிறோம். ஒத்தக்கமந்து என்ற ஊர்ப்பெயரின் ஈற்றில் அச்சொல் இருந்தது; உதகமண்டலம் என்று திருத்தி எழுதியபோது அது மறைந்துபோனது. மந்தும் மந்தையும் ஒலியிலும் பொருளிலும் உறவுடைய சொற்கள். இராமநாதபுரத்துப் பெரியவர் சொன்ன மந்தை மலைமேலும் இருந்திருக்கிறது.

அடிமைப்பட்ட நாட்டில்தான் இது நிகழும் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஃப்ளோ கன்ட்ரி என்ற பரந்த சதுப்பு நிலம் உள்ளது. பாசி மட்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த கரிமண் அது. 1980களில், காடு வளர்ப்புக்கு அரசு அளித்த வரிச்சலுகையைப் பயன்படுத்தி, அங்கு ஒருநாளும் வாழாத செல்வந்தர்களின் பணத்தில் அந்நிலத்தை ஆழ உழுது, நீரை வடித்து, ஊசியிலை மரங்களை நட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது, 1988 வரவு செலவுத் திட்டத்தில் அச்சலுகை நீக்கப்பட்டது. இப்போது அம்மரங்களை வெட்டி, வடிகால்களை அடைத்து, சதுப்பை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் 'மேம்படுத்தப்படாத நிலம்' உலகச் சொத்தாயிற்று. நிலம் மாறவில்லை.

அப்படியானால் எங்கும் மரமே நடக் கூடாதா என்று ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை இங்கே, இந்தத் தீவிலேயே கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் காடுகளை அழித்துக் காசுக்கட்டிப் பயிரான கம்பீரைச் சாகுபடி செய்தார்கள். இலையைக் காய்ச்சுவதற்கு மேலும் விறகு வெட்டினார்கள். சில ஆண்டுகளில் மண் வலுவிழந்ததும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுச்சென்ற இடத்தில் லாலாங் புல் மூடியது. தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் கான்ட்லி 1883இல் அளித்த அறிக்கையில் இந்த அழிவை எடுத்துரைத்து, காடுகளைக் காப்பிடங்களாக்கவும் மரம் நடவும் வழிசெய்தார். இங்கே லாலாங் வெளி, காடு இயல்பு திரிந்து அடைந்த நிலை. இளங்கோவடிகளின் பாலையைப் போன்றது. இங்கு மரம் நடுவது இழந்ததைத் திருப்பித் தருவது. சபாவில் 1976இல் ஏற்படுத்தப்பட்ட வனவியல் மேம்பாட்டு ஆணையம் லாலாங் நிலங்களில் அக்கேசியா நட்டதற்கும் இதே வகை நியாயம் உண்டு. ஒரே மரத்தை நட்டால் காடாகுமா என்பது வேறு கேள்வி.

தொலைவிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தால் சிங்கப்பூரின் அன்றைய லாலாங் வெளியும் நீலகிரிப் புல்வெளியும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஒன்று நிலை, மற்றொன்று நிலம். படத்தைப் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்டால்தான் சொல்ல முடியும். ஒன்று சொல்ல மறந்தேன்: தமிழகத்தில் தருப்பை என்ற பெயரால் வழங்கும் புற்களுள் லாலாங்கும் ஒன்று. தோட்டக்காரன் தீ வைத்து அழிக்கும் புல்லைத்தான் புரோகிதர் மோதிரமாக முடிந்து விரலில் அணிவிக்கிறார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா பாட்டியர் பலர் தோட்டப்புறங்களிலிருந்து வந்தவர்கள். ரப்பர்ப் பால் எடுக்கும் நிரைக்கு அப்பால், ஆடு மேய்த்த இடத்துக்கும் விறகு பொறுக்கிய மேட்டுக்கும் மீன் பிடித்த தாழ்நிலத்துக்கும் அவர்கள் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். தமிழும் மலாயும் கலந்த அப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அவர்களைக் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது பொருள் பத்தியில் 'வெற்று நிலம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தத் தவற்றை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். நீங்கள் எழுதிய பட்டியலை இம்மன்றத்துக்கு அனுப்பினால் நான் படித்துத் திருத்தித் தரத் தயாராக இருக்கிறேன்.

நீலகிரியில் இப்போது வாட்டில் மரங்களை அகற்றும் பணி தொடங்கியிருக்கிறது. மரத்தை வெட்டினால் புல் தானே வந்துவிடுவதில்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கி, மீண்டும் முளைக்கிறது. அதனால் எஞ்சிய புல்வெளிகளிலிருந்து இயல்பான புல்லை எடுத்து வந்து, நாற்றங்காலில் வளர்த்து, ஒவ்வொரு தூராகக் கையால் நடுகிறார்கள். மரம் நடுவதற்குக் காடு வளர்ப்பு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. இந்த வேலையை என்னவென்று சொல்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 'புல்வெளி மீட்பு' என்று சொன்னேன்; மலைமேல் இருப்பவர்கள் வேறு சொல் வைத்திருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள் என்றும் சொன்னேன்.